பிள்ளைவாரியாக ஒரு திட்டம் வேண்டும்: மாநகராட்சி ஆணையாளருக்கு வட சென்னைத் தொடக்கப் பள்ளிப் பெற்றோரின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு,
சென்னைத் தொடக்கப் பள்ளி,
காசிமேடு வட்டாரம், வட சென்னை.

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை,
சென்னை – 600 003.

பொருள்: பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான உதவிகளைப் பிள்ளைவாரியாகச் சேர்க்க அனுமதியும், அதை நடத்த ஆளும் சிறு நிதியும் வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் பள்ளி. நான் இதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இப்போது பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். என் மகன் இங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பெற்றோர் கூடி என்னைக் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த மனுவை நான் எழுதினாலும், மாதக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே அனுப்புகிறோம்.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 21-ஆம் பிரிவு எங்கள் குழுவை உண்டாக்கியது. நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய இடம் தர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. 22-ஆம் பிரிவு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை எங்களிடம் தருகிறது. அதன்படி நாங்களும் எழுதி வருகிறோம். கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய், சுற்றுச்சுவரின் உடைந்த பகுதி, மின்விசிறி, சுண்ணாம்பு. கேட்டவற்றில் பலவும் கிடைத்திருக்கின்றன. அதற்கு எங்கள் நன்றி.

தலைவராக வந்ததும் பழைய திட்டக் கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போய் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். கணக்கு எழுதுகிறவள் என்பதால் கூட்டல் கழித்தலைத்தான் முதலில் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அத்தனை பக்கத்திலும் ஒரு பிள்ளைகூட இல்லை. எந்தப் பிள்ளை எதனால் பின்தங்குகிறது, அதற்கு யார், எப்போது, என்ன செய்வார்கள் என்று ஒரு வரி இல்லை. குழாய்க்குத் திட்டம் போட்ட நாங்கள் பிள்ளைகளுக்குப் போடவில்லை. இதை யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் கையால் எழுதிய திட்டம்தான் அது.

அதன் பிறகு நான்கு மாதம், ஆசிரியர்களும் குழுவில் உள்ள அம்மாக்களும் சேர்ந்து வகுப்பு வகுப்பாக உட்கார்ந்து பேசினோம். தேவைப்பட்ட வீடுகளுக்கு நடந்தோம். அங்கே தெரிந்துகொண்டதில் இரண்டு பிள்ளைகளைப் பற்றி மட்டும் தங்களிடம் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர்களைச் சொல்லவில்லை.

ஒருத்தி நான்காம் வகுப்பு. நன்றாகப் படிக்கிற பிள்ளை. வாரத்தில் இரண்டு நாளாவது வரமாட்டாள். வருகைப் பதிவேட்டில் அது, வரவில்லை என்பதைக் குறிக்கும் வெறும் ‘ஆ’. அவள் அம்மா விடியற்காலை இரண்டு மணிக்கு ஏலத்துக்குப் போய், கூடையில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு வீடு திரும்பப் பதினோரு மணியாகும். அப்பா விசைப்படகில், கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். போனால் பத்து நாள்கூட ஆகும். வீட்டில் இரண்டு வயதுத் தம்பி. பாட்டிக்கு உடம்பு நன்றாக இருக்கிற நாளில் இவள் பள்ளிக்கு வருவாள், இல்லாத நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் காலை, உணவு பரிமாறும் நேரத்தில், பள்ளி வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றதில் பாவாடை அவிழாமல் இருக்க ஒரு கையால் பிடித்திருந்தாள். வகுப்பாசிரியையைப் பார்த்து, “தம்பிய இட்டாந்தா உள்ள உடுவீங்களா மிஸ்?” என்று கேட்டாள். டீச்சர் உள்ளே விட்டார். ஆனால் அதை ஒரு வழக்கமாக்க அவரால் முடியுமா? அந்த வகுப்பில் இன்னும் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பள்ளிக்குப் பக்கத்துச் சந்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. பள்ளி மணி அடித்த பிறகுதான் அது திறக்கும். ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே ஓர் ஆயா இருந்தால் தம்பியை விட்டுவிட்டு அக்கா வகுப்புக்கு வந்துவிடுவாள். அக்காவுக்கு என்ன உதவி செய்யலாம் என்று நாங்கள் பல நாள் பேசினோம். சிறப்பு வகுப்பு, பயிற்சித் தாள் என்று என்னென்னவோ சொன்னோம். அவளுக்கு வேண்டிய உதவி அவளுடைய தம்பிக்குத் தேவைப்பட்டது. எங்கள் பள்ளியில் இந்த நிலையில் இருப்பவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. அங்கன்வாடி வேறு துறையின் கீழ் வருவதை நாங்கள் அறிவோம். அந்தத் துறையோடு பேசும் இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள், நாங்கள் இல்லை. அதனால்தான் தங்களிடம் கேட்கிறோம்.

இன்னொருவன் மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். விரலை வரியின் கீழ் நகர்த்திக்கொண்டே தடுமாறாமல் சொன்னான். எனக்கு ஒரே மகிழ்ச்சி. பிறகுதான் குனிந்து பார்த்தேன். அவன் சொன்ன பாடம் அந்தப் பக்கத்தில் இல்லை. வகுப்பில் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு முழுதும் மனப்பாடம் செய்திருக்கிறான். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். நல்ல முறை. இவன் இன்னும் அரும்பிலேயே இருந்தான். ஏன் என்று விசாரித்தால் காரணம் கண். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பரிசோதித்து அவனுக்கு இலவசக் கண்ணாடி கொடுத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் விளையாட்டில் சட்டம் உடைந்துவிட்டது. அவன் அம்மா நூல் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். பிறகு ஒரு பக்கத்துக் கண்ணாடியும் விழுந்துபோனது. அரசாங்கம் கொடுத்த பொருளை உடைத்துவிட்டோமே, திட்டுவார்களே என்று பயந்து அவர் பள்ளியில் சொல்லவே இல்லை. அடுத்த முகாம் வரும்வரை அந்தப் பிள்ளை கரும்பலகையைக் காதால் படித்துக்கொண்டிருந்தான். கடைசியில் வகுப்பாசிரியை தன் கைக்காசைப் போட்டுப் புதுக் கண்ணாடி வாங்கித் தந்தார். அவருக்கு நாங்கள் என்றைக்கும் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஒரு பள்ளி, ஆசிரியையின் பர்ஸை நம்பி நடக்கக் கூடாது.

திட்டங்கள் இல்லை என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பிள்ளைகளின் முகத்தையே மாற்றியிருக்கிறது. புத்தகம், நோட்டு, சீருடை, கல்வி உதவித்தொகை, கண் பரிசோதனை, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சிறப்பு ஆசிரியர் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி வாசல் வழியாகப் பள்ளிக்குள் வருகிறது. இந்தப் பிள்ளைக்கு இதில் எது வந்தது, எது வரவில்லை, வந்தது பாதியில் நின்றதா என்று ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க ஆளில்லை. பாடம் நடத்தும் ஆசிரியர்களே, கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் (EMIS) விவரமும் ஏற்றுகிறார்கள், சான்றிதழுக்கும் அலைகிறார்கள். இதற்கு மேல் அவர்களைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்கள் வட்டாரத்தின் நாள்காட்டியையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். அதாவது வீட்டில் கையிருப்பு எல்லாம் தீர்ந்து, நகை அடகுக்கடையில் இருக்கும் நேரத்தில் பிள்ளை புது வகுப்புக்குப் போக வேண்டும். சொந்த ஊருக்குப் போன குடும்பம் திரும்பியிருக்காது. வேறு வேலைக்குப் போன அம்மா இன்னும் அதை விட்டிருக்கமாட்டார். அந்த முதல் இரண்டு வாரம் வராத பிள்ளைகள் யார் யார் என்று ஏப்ரலிலேயே எங்களால் சொல்லிவிட முடியும். முன்கூட்டியே தெரிவதற்கு முன்கூட்டியே திட்டம் போடலாம் அல்லவா?

அதே போல, பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது குடும்பங்கள் மணலிக்கும் எர்ணாவூருக்கும் இன்னும் தள்ளியும் வாடகைக்குப் போகின்றன. புது வீடு நல்லதுதான். ஆனால் நடுவில் படிப்பு விட்டுப்போகிறது. பழைய பள்ளி பெயரை விடுவித்துவிட்டது, புதுப் பள்ளியில் இன்னும் சேரவில்லை என்றால் பிள்ளையின் பெயர் எமிஸில் ‘காமன் பூல்’ என்ற இடத்தில் கிடக்கும். பெயர் அங்கே, பிள்ளை தெருவில்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதாம். வரும் கல்வியாண்டின் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் பிள்ளைகளுக்கென ஒரு பகுதி இருக்க, அதுவும் கட்டடத்துக்கு முன்னால் வர, அனுமதி தாருங்கள். ஏப்ரலில் ஒரு நாள், ஜூன் கடைசியில் ஒரு நாள் ஆசிரியர்களும் குழுவும் உட்கார்ந்து, உதவி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன தடை, என்ன செய்யப் போகிறோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதுகிறோம். மாதக் கூட்டத்தில் அதைத்தான் முதலில் எடுப்போம்.

இதற்கு ஓர் ஆள் வேண்டும். எங்கள் பள்ளிக்கு மட்டும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்து நான்கைந்து மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு சமூகப் பணியாளர் போதும். வீட்டுக்குப் போய்ப் பேச, இடம்பெயரும் குடும்பத்தின் பிள்ளை அடுத்த பள்ளியில் சேரும்வரை பின்தொடர, துறைகளுக்கு நடக்க அவர் இருப்பார். சிறப்பு ஆசிரியர் எந்தக் கிழமை வருவார் என்பதும் முன்பே உறுதியாகத் தெரிந்தால், அந்த நாளில் பிள்ளையை எப்பாடுபட்டாவது பெற்றோர் கூட்டிவருவார்கள்.

நிதி விஷயம். பிள்ளைக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் என்ற கணக்கில் ஒரு சிறு தொகையைக் குழுவின் வங்கிக் கணக்கில் வையுங்கள். உடைந்த கண்ணாடி, காதுக் கருவிக்கு பேட்டரி, மருத்துவமனைக்குப் போக ஆட்டோ. இப்படி எந்தத் திட்டத்திலும் அடங்காத சின்னச் செலவுக்கு மட்டும். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கும். கணக்கு எழுதுவது என் தொழில். தணிக்கைக்கு எப்போது வந்தாலும் பேரேட்டைத் திறந்து காட்டுவேன்.

மாலையில் இரண்டு வகுப்பறைகளை ஆறரை மணிவரை திறந்துவைக்க வேண்டும் என்பது அம்மாக்களின் கோரிக்கை. ஒரே அறை கொண்ட வீட்டில், இரவு வேலைக்குப் போகும் அப்பா மாலையில் தூங்கிக்கொண்டிருப்பார். பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதும்? விளக்கும் ஒரு காவலரும் தந்தால், உடனிருந்து பார்த்துக்கொள்ள முன்னாள் மாணவிகள் நாங்கள் வருகிறோம். சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்குப் பள்ளியிலேயே ஒரு சனிக்கிழமை முகாம் போட்டுத் தந்தால் பல அம்மாக்களின் பல நாள் கூலி மிச்சமாகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைவாரியாக நாங்கள் எழுதும் பட்டியல் பிள்ளைகளின் முன்னால் வாசிக்கப்படக் கூடாது, சுவரில் ஒட்டப்படக் கூடாது. நான் படித்த காலத்தில் உதவித்தொகை வந்தால், சாதியைச் சொல்லி, அந்தப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வார்கள். நான் எழுந்து நின்றிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழி அன்றைக்குத்தான் என்னை நிமிர்ந்து வேறு மாதிரி பார்த்தாள். பணம் எவ்வளவு என்பது மறந்துவிட்டது, அந்தப் பார்வை மறக்கவில்லை. எங்கள் பதிவேடு தலைமையாசிரியரின் பூட்டிய அலமாரியில் இருக்கும். அப்படியே எல்லாப் பள்ளிக்கும் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

1920-இல் இதே மாநகராட்சி, வட சென்னையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்கில் இருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் ஆகக்கூடாது என்று கணக்குப் பார்த்துப் போட்ட தீர்மானம். பிறகுதான் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. ஒரு பள்ளியில் தொடங்கிப் பார்க்கலாம் என்று தங்கள் அலுவலகம் நினைத்தால், அந்த ஒரு பள்ளியாக இருக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

பிள்ளைவாரியாக நாங்கள் எழுதிய முதல் வரைவு தயாராக இருக்கிறது. பெயர்கள் இருப்பதால் தபாலில் அனுப்பவில்லை. தாங்களோ, தாங்கள் நியமிக்கும் அலுவலரோ பள்ளிக்கு வரும் நாளைத் தெரிவித்தால் நேரில் காட்டுகிறோம். காலை எட்டரை மணிக்குள் வந்தால் நல்லது. வாசலில் தம்பியோடு யாராவது நிற்கக்கூடும்.

தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு முன் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளி மேலாண்மைக் குழு.

இடம்: சென்னை