முட்டைகோஸ் சாறும் நான்கு மாதமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ‘புற்றுநோயை விரட்டும் ப்ரோக்கோலி’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அந்த ‘விரட்டும்’ என்ற சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மந்தைவெளியில் முப்பது வீட்டுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். படித்தது பி.எஸ்சி. வேதியியல், அது உதவியதெல்லாம் அடுப்படியில்தான். கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி, நூக்கல், கடுகு எல்லாம் ப்ரோக்கோலியின் பங்காளிகள். குளுக்கோசினோலேட் என்ற கந்தகப் பொருள் இவற்றில் உண்டு. நறுக்கினாலோ மென்றாலோ, காயிலேயே தனியாக ஒதுங்கியிருக்கும் மைரோசினேஸ் என்ற நொதி அதோடு கலந்துவிடும். புற்றுநோய்க்கு எதிரானது என்று பேசப்படும் சல்ஃபோராஃபேன் என்ற பொருள் ப்ரோக்கோலியில் பிறப்பது அப்படித்தான். முள்ளங்கியின் காரமும் அரைத்த கடுகின் நெடியும் இதே வேலைதான். கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும். வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டாலோ, சத்தும் அதோடு போகும். அதனால் நொதி தன் வேலையை முடிக்கட்டும் என்று, கோஸை நறுக்கி முக்கால் மணி வைத்திருந்துதான் அடுப்பில் போடுகிறேன். தாளித்த கடுகில் நொதி இருக்காது. என் மாமியார் பச்சைக் கடுகை அரைத்துவிட்டுச் செய்த முள்ளங்கித் தயிர்ப் பச்சடியில் இருந்திருக்கும். இதில் ஒரு வரியாவது எழுதியிருந்தால், ப்ரோக்கோலி வாங்க முடியாதவர்களுக்கும் கட்டுரை உதவியிருக்கும்.

ஆராய்ச்சி நடந்தது உண்மை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர் 1992இல் ப்ரோக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேனைப் பிரித்தெடுத்தார்கள். கோஸ் வகைகளிலிருந்து கிடைக்கும் இண்டோல்-3-கார்பினால் சேர்த்த தீனி, குடல் அழற்சி வந்து புற்றுநோயில் முடியும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளைக் காப்பாற்றியதாக 2018இல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிலையம் சொன்னது. சுண்டெலிகளை! கோஸ் தின்று மனிதருக்கு வந்த கட்டி கரைந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை.

என் கொழுந்தனாருக்கு வயது 54. மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். பிறகு இதே மாதிரி ஒரு கட்டுரையைக் கத்தரித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, நான்கு மாதம் காலையில் வெறும் வயிற்றில் கோஸ் சாறு குடித்தார். “எதுக்கு அண்ணி, அந்தக் குழாய் டெஸ்ட்டெல்லாம்?” என்பார். நானும் அதட்டிக் கூட்டிப்போகவில்லை, அந்தக் குறை எனக்கு உண்டு. கடைசியில் அந்தக் குழாய் டெஸ்ட்டை, கொலனோஸ்கோபியை, எடுத்தபோது பெருங்குடலில் கட்டி, பக்கத்து நெறிகட்டிகளுக்கும் போயிருந்தது.

கோஸைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே பக்கத்தில், மலத்தில் ரத்தம் கண்டாலோ, வெளிக்குப் போகும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலோ டாக்டரிடம் போங்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கலாமே? தலைப்புக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

பன்னிரண்டு கீமோவில் அவருக்கு ஏழு முடிந்திருக்கிறது. கோஸ் பொரியல் வைத்தால் தட்டை நகர்த்திவிடுகிறார், வயிறு உப்புகிறதாம். அவருக்கு மட்டும் தனியாகப் புடலங்காய்க் கூட்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மந்தைவெளி, சென்னை-28.