பாலமுரளி வானொலிப் பதிவு: பேச்சைத் தொடரலாம்

அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு வானொலியில் கர்நாடக இசைக் கலைஞர் பாலமுரளிகிருஷ்ணாவின் பழைய கச்சேரியும் பேட்டியும் வந்ததிலிருந்து குழுவில் செய்திகள் ஓயவில்லை. ரொம்ப சந்தோஷம்!

மகதி பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அது அவரே உருவாக்கிய ராகம். ஸ, க, ப, நி என்று நாலே ஸ்வரம். ‘ஓங்கார காரிணி’ பாடல் அமைந்த லவங்கி ராகமும் அப்படித்தான், ஸ, ரி, ம, த. இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு உணர்ச்சியா என்று எனக்கு இன்னும் பிரமிப்புதான். 72 மேளகர்த்தா எனப்படும் தாய் ராகங்களிலும் கிருதி (பாடல்) செய்தவர். அவரை வெறும் பாடகராக மட்டும் பேசுவது போதாது, அவர் இயற்றிய சாகித்யத்தையும் (பாடல் வரிகளையும்) கவனியுங்கள்.

ஒரு வேண்டுகோள். பேட்டியில் அவர் சொன்னதாக நினைவிலிருந்து எழுதி, பிற குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். பதிவு செய்தவர்கள் மறுபடி கேட்டு, எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிடுங்கள். மற்ற பாடகர்களோடு ஒப்பிட்டுச் சண்டையும் வேண்டாமே.

இதைப் பற்றி நேரில் பேச, ஞாயிறு காலை 7 மணிக்கு சென்னை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சந்திக்கலாம். வயலின், மிருதங்கம், கஞ்சிரா எல்லாம் வாசித்தவர் பாலமுரளி. அதனால் லய (தாள) நுணுக்கம் தெரிந்தவர்கள் அவசியம் வாருங்கள். வருபவர்கள் சனி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.

- நிர்வாகி