அம்மா வருவதற்கு முன், பூனைகளைப் பற்றி

எக்ஸிட்டர், டெவன்
மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசும்போதெல்லாம் நீ கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் எலி தூக்கிக்கொண்டு வருகிற பூனை எதற்கு? யாரிடமாவது கொடுத்துவிடு." பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ ஏப்ரலில் வந்ததும் பகல் முழுக்க வீட்டில் நாம் இரண்டு பேரும், பூனைகள் மிளகும் சுண்டுவும்தான். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை இங்கே பறவைக் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் காலம். எனக்குக் குனிய முடியாது, ஆகவே பல வேலை உன் கைக்குத்தான் வரும்.

முதலில் உன் பயம். அது டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணியைப் பற்றியது என்றால் நியாயமான பயம்தான். எலியைப் பச்சையாகத் தின்கிற பூனைக்கு அது தொற்றலாம். தொற்றினால், பெரும்பாலும் முதல் தடவை மட்டும், ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை அதன் முட்டைகள் மலத்தில் வெளியேறும். வெளியே விழுந்த முட்டை உடனே யாருக்கும் தொற்றாது. அதற்கு ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகவேண்டும். அதனால் மலத்தட்டைத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். அந்த வேலை உன் மாப்பிள்ளையுடையது, நான் கிட்டவே போவதில்லை. தோட்டத்து மண்ணைத் தொட்டால் கையுறை, கீரை காய் என்றால் நன்றாக அலசுவது, கறி என்றால் முழுக்க வேகவைப்பது. அரைவேக்காட்டுக் கறியிலும் மண்ணிலும் இருக்கிற அபாயம், பூனையை மடியில் வைத்துத் தடவுவதில் இல்லை.

இன்னொரு பயமும் உனக்கு இருக்கும். பூனை கீறினால் ஊரில் நாம் நாய்க்கடி ஊசிக்கு ஓடுவோம். இந்த நாட்டில் நாய், பூனைகளிடம் வெறிநோய் கிடையாது. ஆனால் பூனை கடித்தால் பல் ஆழமாக இறங்கிச் சீழ் வைக்கும். குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் நன்றாகக் கழுவிவிட்டு 111 என்கிற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும், அவர்கள் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதே.

இங்கே பூனையைக் கட்டிப்போடும் வழக்கம் இல்லை. பின்கதவின் கீழ்ப்பகுதியில் கேட் ஃப்ளாப் என்று ஒரு சின்னத் தொங்கு கதவு இருக்கும், தலையால் முட்டிக்கொண்டு போய் வரும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் எல்லா வளர்ப்புப் பூனைக்கும் 20 வாரம் ஆவதற்குள் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். எங்கள் கதவு அந்த சிப்பைப் படித்துத்தான் திறக்கிறது, பக்கத்து வீட்டுக் கடுவன் உள்ளே வர முடியாது. ஆனால் அதற்கு சிப் தெரியுமே தவிர, வாயில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வாயில் இரை இருந்தால் கேமராவில் பார்த்துப் பூட்டிக்கொள்கிற கதவை சுவிட்சர்லாந்தில் செய்திருக்கிறார்கள். விலை கட்டுப்படியாகாது, நாங்கள் வாங்கவில்லை.

"வயிறார வைத்தால் ஏன் வேட்டைக்குப் போகிறது?" என்று அப்பா கேட்டிருந்தார். வேட்டைக்கும் பசிக்கும் நேர்த் தொடர்பு இல்லை, அப்பாவிடம் சொல். ஒரு சுண்டெலியில் ஏறக்குறைய 30 கலோரி. பூனைக்கு ஒரு நாளைக்கு இருநூற்றுச் சொச்சம் வேண்டும். காட்டில் பிழைக்கிற பூனை எட்டுப் பத்து எலி பிடித்தால்தான் ஒரு நாள் ஓடும். பல முயற்சி தவறும். பசித்த பிறகு கிளம்பலாம் என்று இருந்தால் செத்துப்போகும். அதனால் அசைவது கண்ணில் பட்டால் பாயும்படியே அதன் உடம்பு இருக்கிறது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகுது என்கிறோமே, அதில் விளையாட்டு பாதிதான். எலி திரும்பிக் கடித்தால் முகம் கிழியும் என்பதால், அது களைக்கும்வரை தட்டித் தட்டி விட்டுப் பிறகுதான் பிடரியில் கோரைப்பல்லை இறக்கும்.

நமக்குப் பரிசு கொண்டுவருகிறது என்று இங்கே பலர் உருகுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனக்குப் பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கி வருகிறது, அவ்வளவுதான். தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்ததையும் பிறகு உயிரோடும் கொண்டுவந்து போடுவதும் இதே பழக்கம்தான். வீட்டுக்கு வருவது மொத்தக் கணக்கும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியாவில் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமரா கட்டிப் பார்த்தபோது, பிடித்ததில் நாலில் ஒரு பங்குகூட வீடு வந்து சேரவில்லை. பாதியைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டன, மீதியைத் தின்றுவிட்டன.

என்னென்ன வரும் என்றால், அதிகம் வருவது மர எலி. பெரிய காது, பிதுங்கிய கண், உடம்பளவு நீண்ட வால், நன்றாகக் குதிக்கும். அடுத்தது வோல், மொட்டை மூக்கு, குட்டை வால், காது ரோமத்துக்குள் மறைந்திருக்கும், ஓட்டம் மெதுவு. மூஞ்சூறும் உண்டு. நம் ஊர் மூஞ்சூறு அளவு இருக்காது, கட்டைவிரல் நீளம்தான், பல்லின் நுனி சிவப்பு. நாற்றத்தால் இங்கேயும் பூனை அதைக் கொன்றுவிட்டுத் தின்னாமல் விட்டுவிடும். காலையில் பாதம் துடைக்கிற மிதியடி மேல் முழுசாகக் கிடப்பது அதுவாகத்தான் இருக்கும். ஸ்லோ வொர்ம் என்று ஒன்று வந்தால் துடைப்பக்கட்டையை எடுக்காதே. பார்க்கப் பாம்பு மாதிரி இருந்தாலும் அது காலில்லாத பல்லி. வெண்கல நிறம், கண் இமைக்கும், விஷம் கிடையாது. அடித்துக் கொல்வது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாலைக் கழற்றிவிட்டு அது துள்ளிக்கொண்டிருந்தாலும் பயப்படாதே. முதுகில் நெளிநெளியாகக் கோடு இருந்தால் மட்டும் அது ஆடர் என்கிற விரியன், பூனையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு எங்களைக் கூப்பிடு.

இனி உயிரோடு எலி வந்தால் என்ன செய்வது. வாயில் எதையோ கவ்விக்கொண்டு கத்துகிற சத்தம் தனியாகத் தெரியும், தொண்டைக்குள் அடைத்த மாதிரி நீளமாக வரும். கேட்டதும் துரத்தாதே. துரத்தினால் கட்டிலுக்கு அடியில் போய்த்தான் வாயைத் திறக்கும். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிற தின்பண்டப் பொட்டலத்தைக் குலுக்கு; பெரும்பாலும் கீழே போட்டுவிட்டு வரும். பூனையைத் தூக்கி வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்து, அடுத்து எலி இருக்கிற அறையின் கதவையும் சாத்திக் கீழ் இடுக்கில் துண்டைச் சுருட்டி வை. பென்சில் நுழைகிற சந்தில் சின்ன எலி நுழைந்துவிடும்.

எலி நடு அறையில் ஓடாது, சுவரை ஒட்டியே ஓடும். அதனால் பின்கதவருகே இருக்கிற ரப்பர் பூட்ஸ் ஒன்றை எடுத்துச் சுவரோரம் படுக்க வைத்து, வாயை எலி வரும் பக்கம் திருப்பு. மறு பக்கத்திலிருந்து துடைப்பத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் இருட்டுப் பொந்து என்று நினைத்து உள்ளே போய்விடும். பூட்ஸை நிமிர்த்திப் பிடித்துத் தோட்டத்து வேலியோரம் கொண்டுபோய்ச் சாய்த்தால் முடிந்தது. திறந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை நுழைத்துத் தூக்கலாம். வெறுங்கையால் மட்டும் பிடிக்காதே.

எங்கே போனது என்றே தெரியவில்லை என்றால், சமையலறை அலமாரிகளுக்குக் கீழே தரையை ஒட்டி ஒரு நீளப் பலகை இருக்கும். அது ஆணி அடித்தது இல்லை, கிளிப்பில் மாட்டியது. இரண்டு கையாலும் முன்னால் இழுத்தால் வந்துவிடும். தொலைந்த எலியெல்லாம் அதற்குப் பின்னால்தான். இல்லையென்றால் வாஷிங் மெஷின் பின்புறம். பிடிபடாவிட்டால் கடலை வெண்ணெய் தடவிய உயிர்ப்பொறி வைக்க வேண்டும், அதைச் சில மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். மூஞ்சூறு மாட்டியிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் தின்னாமல் இருந்தாலே செத்துவிடும். கண்டுகொள்ளாமல் விட்டு எலி பலகைக்குப் பின்னால் செத்தால் முதலில் நாற்றம், பிறகு நீல ஈ.

பறவை என்றால் முறை வேறு. அறையில் பறந்துகொண்டிருந்தால் விளக்கை அணை, எல்லாத் திரையையும் இழு, ஒரு ஜன்னலை மட்டும் முழுக்கத் திற; வெளிச்சம் வரும் பக்கம் தானே போய்விடும். பூனையின் பல் பட்டிருந்தால், ரத்தமே தெரியாவிட்டாலும் அதை வெளியே விடக்கூடாது. பூனையின் எச்சிலில் இருக்கிற பாஸ்சரெல்லா என்ற பாக்டீரியா, இறகுக்கடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலே ஓரிரு நாளில் கொன்றுவிடும். ஆன்டிபயாடிக் சீக்கிரம் கொடுத்தால்தான் பிழைக்கும். துண்டைப் போட்டு மூடித் தூக்கி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் சமையலறைக் காகிதம் விரித்து வைத்து மூடி, சத்தமில்லாத கதகதப்பான இடத்தில் வை. தண்ணீர் ஊட்டாதே, பால் ஊட்டாதே, சோற்றுப் பருக்கையும் வேண்டாம். திறந்து திறந்து பார்க்காதே. கால்நடை மருத்துவர்கள் இங்கே காட்டுப் பறவைக்குப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை, உன் மாப்பிள்ளை கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். பூனை தொடாத குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் பாவம் என்று உள்ளே எடுத்து வந்துவிடாதே. தாய் பக்கத்து வேலியில்தான் இருக்கும், நாம் பூனையை உள்ளே வைத்தால் போதும்.

வௌவாலை எந்தக் காரணத்துக்கும் வெறுங்கையால் தொடாதே. நாய், பூனையிடம் வெறிநோய் இல்லை என்றேனே, அதன் உறவுக் கிருமி ஒன்று இந்நாட்டு வௌவால்களில் சிலவற்றில் இருக்கிறது. கடித்தால் அன்றே ஊசி போட வேண்டும்.

இதையெல்லாம் குறைக்க வழி உண்டு. 2021-இல் இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளை வைத்துச் சோதித்தார்கள். தானியம் இல்லாத, இறைச்சி அதிகமுள்ள தீனிக்கு மாற்றிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவருவது 36 சதவீதம் குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிடம் இறகு கட்டிய கோலை ஆட்டி விளையாட்டுக் காட்டினால் 25 சதவீதம். பளிச்சென்ற வண்ணத் துணிப் பட்டையைக் கழுத்தில் மாட்டினால் பறவை 42 சதவீதம் குறைந்தது. எலிக்கு வண்ணம் உறைக்காது, அதில் மாற்றம் இல்லை. உருட்டினால் தீனி விழுகிற டப்பா வைத்தவர்களுக்கு 33 சதவீதம் கூடிவிட்டதுதான் வேடிக்கை. மணியால் ஒரு பலனும் தெரியவில்லை. ஆனால் பறவைப் பாதுகாப்புச் சங்கம் முன்பு செய்த சோதனையில் மணி கட்டிய பூனைகள் பறவையை 41 சதவீதம் குறைவாகக் கொண்டுவந்தன. பூனைக்கு மணி கட்டியும் விவகாரம் தீரவில்லை, பார். சுண்டு பறவைப் பைத்தியம் என்பதால் அவனுக்கு வண்ணப் பட்டை, எலி பிடிக்கிற மிளகுக்கு எதுவும் இல்லை. பட்டை இழுத்தால் தானே கழன்றுவிடும் வகை. இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார். கெட்டியான பட்டை கிளையில் மாட்டினால் தூக்குதான்.

இவற்றைவிட நான் நம்புவது நேரத்தை. பொழுது சாய அரை மணி முன்பிருந்து இரண்டையும் உள்ளே வைத்துவிட்டால் வௌவாலும் தப்பும், விடியற்காலைப் பறவையும் தப்பும். கதவில் உள்ள திருகை "உள்ளே மட்டும்" என்ற அடையாளத்துக்குத் திருப்பிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை வைத்தால் தானே வந்துவிடும். ஜூனில் இங்கே சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். அதுவரை நீ விழித்திருக்க வேண்டாம், உன் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்.

துடைக்கும்போது ஒன்று கவனி. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் ஊற்றியதும் வெளுக்கிற, ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிற கிருமிநாசினி நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் உண்டு; இங்கே அதை எடுக்காதே. அந்த வகையிலுள்ள பீனால் சரக்கைப் பூனையின் ஈரல் தாங்காது, தரையில் மிதித்துவிட்டுக் காலை நக்கும். செத்த எலியைப் பையைக் கையில் மாட்டிப் பிடித்துத் திருப்பி முடிச்சுப் போட்டு, இன்னொரு பைக்குள் வைத்துக் கறுப்புத் தொட்டியில் போட்டுவிடலாம். வேட்டைக்குப் போகிற பூனைக்கு எலி வழியாக நாடாப்புழு வரும். வாலடியில் அரிசி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் சொல், மாத்திரை கொடுக்கும் முறையை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம்.

கடைசியாகச் சாப்பாடு. பாட்டி வீட்டுப் பூனைக்கு வைத்த மாதிரி பால்சோறு பிசைந்து வைக்க உனக்குக் கை வரும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். இறைச்சியில் இருக்கிற டாரின் என்ற சத்து இல்லாமல் போனால் கண்ணும் இதயமும் கெடும். மேலே சொன்ன 36 சதவீதமும் சோற்றில் கிடைக்காது. கருவாடு கொண்டுவருகிறாய் என்று அப்பா சொன்னார், எனக்கு நாக்கு ஊறுகிறது. இரண்டு மூன்று உறையில் இறுக்கிக் கட்டிப் பெட்டிக்கு அடியில் வை, இங்கே வந்ததும் நேராக மூடி போட்ட டப்பாவுக்குள் போகட்டும். அந்த உப்பு இவர்களுக்கு ஆகாது, ஆனால் டப்பாவைத் திறக்கிற கையை இரண்டும் விடப்போவதில்லை.

அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மகள்