ரத்த வங்கி தொடங்கும் முன் மே மாதத்தை யோசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுக்கு இரண்டு முகாம் நடத்திப் பழகிய ரத்த தானக் கழகங்கள், ‘நாமே ஒரு ரத்த வங்கி தொடங்கினால் என்ன?’ என்று கேட்பதுண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால், பலரும் கட்டடத்தில்தான் தொடங்குகிறார்கள். விதி கேட்கும் 100 சதுர மீட்டர் இடம் கிடைத்துவிடும். குளிர்பெட்டி வாங்கித் தரவும் ஆள் இருப்பார். கல்லூரிகள் மூடிக்கிடக்கும் மே மாதத்தில் ரத்தம் கிடைப்பதுதான் பெரும்பாடு.

வழக்கமான பையில் எடுத்த முழு ரத்தத்தின் ஆயுள் 35 நாள். ஆகஸ்ட் 15 அன்று 300 பை எடுத்தால், செப்டம்பர் 19-க்குள் அத்தனையும் செலவாக வேண்டும். மிஞ்சியதை அழிக்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய நஷ்டம், அதே 300 பேரையும் உடனே மறுபடி கூப்பிட முடியாது. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். ஆயிரம் பேர் ஆண்டுக்கு இருமுறை கொடுத்தால் வாரத்துக்குச் சுமார் 38 பை. அந்த 38-ஐ வாராவாரம் தவறாமல் வரவைப்பதுதான் நிர்வாகம். அரிதாகவே கிடைக்கும் ஓ நெகட்டிவ் வகைக் கொடையாளரை முகாமில் படுக்க வைக்காமல், தேவைப்படும் நாளில் மட்டும் அழைப்பது நல்லது. ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்படும் பெண்களிடம் காரணமும், மறுபடி வரவேண்டிய தேதியும் சொல்லாவிட்டால், அவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள்.

அடுத்தது பரிசோதனைச் செலவு. ஒவ்வொரு பைக்கும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, மேகநோய், மலேரியா என ஐந்து சோதனை கட்டாயம். பல ரத்த மாதிரிகளை ஒன்றாகச் சோதிக்கும் எலிசா தட்டில் 96 குழிகள். பட்டை பட்டையாகப் பிரித்துப் பயன்படுத்தினாலும், ஒவ்வொரு ஓட்டத்திலும் சோதனை சரியாக நடந்ததா என்று காட்டும் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கே சில குழிகள் போய்விடும். நாளைக்கு ஐந்தாறு பை மட்டும் எடுக்கும் வங்கிக்கு இதுவே கையைக் கடிக்கும். ரத்தத்தை விற்கக் கூடாது; வரையறுத்த பரிசோதனைக் கட்டணத்தை மட்டுமே வாங்கலாம். அதற்குள்தான் கணக்கு ஓட வேண்டும்.

ஒரு பையைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்தால் மூவருக்குப் பயன்படும். ஆனால், எடுத்த சில மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். தட்டணு வேண்டுமென்றால் அதுவரை ரத்தத்தைக் குளிரூட்டவும் கூடாது. காலை 9 மணிக்கு எடுத்த முதல் பை, சிறப்பு விருந்தினர் வந்து சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை பந்தலிலேயே கிடந்தால் பிரிப்பதற்கான நேரம் தாண்டிவிடும். பைகளை ஏற்றிய முதல் வண்டி 11 மணிக்கே கிளம்பட்டும். விருந்தினர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

தன்னார்வலர்களால் கொடையாளரைத் திரட்ட முடியும். ஆனால், இரவு 2 மணிக்கு நோயாளியின் ரத்தத்தோடு பையின் ரத்தம் ஒத்துப்போகிறதா என்று ‘கிராஸ் மேட்ச்’ பார்க்க, சம்பளம் வாங்கும் டெக்னீஷியன் வேண்டும். இருப்பு குறைந்ததும் ‘சொந்தக்காரரைக் கூட்டி வா’ என்று நோயாளி வீட்டாரை விரட்டும் பழக்கம் வந்துவிட்டால், காசுக்குக் கொடுப்பவர் உறவினர் வேடத்தில் நுழைந்துவிடுவார். 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 முதல் தடை செய்யப்பட்ட தொழில் அது.

பதிவேடு ஒருவருடைய கைப்பேசியில் இருக்கக் கூடாது. 1921-ல் லண்டனில் பெர்சி ஆலிவர் கொடையாளர் சேவையைத் தன் வீட்டுத் தொலைபேசியை வைத்துத்தான் தொடங்கினார். 1926-ல் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டதால், அவர் 1944-ல் மறைந்த பிறகும் பணி நிற்கவில்லை. நம் கழகங்களில் செயலாளர் வேலை மாற்றலாகிப் போனாலே பட்டியலும் அவரோடு போய்விடுகிறது.

எனவே, உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனை ரத்த மையத்துக்கு வாரம் 40 கொடையாளரை அனுப்பிப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் தீபாவளி வாரத்திலும் அந்த எண்ணிக்கை குறையாமல் இருந்தால், அதன்பிறகு இடம் தேடலாம்.

– ரத்த மையப் பணியாளர்கள் சிலர், மதுரை