நாய்ப் பயிற்சிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் தண்டையார்பேட்டை மைதானத்தில் ஞாயிறுதோறும் காலை 6 மணிக்குக் கூடினோம். மே மாதம் மட்டும் ஐந்தரைக்கே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டோம். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அந்தச் சூட்டைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் நின்றதால் சில வாரங்கள் போயின.

நாம் நாய்களுக்குப் பழக்கும் அஜிலிட்டி என்னும் தடை தாண்டும் ஓட்டம் 1978-இல் லண்டனில் கிராஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையில் காட்டப்பட்டது. குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து உருவானது. நம்மிடம் அங்குள்ள சாமான்கள் இல்லை. பிளம்பர் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் பிவிசி பைப்பை அறுத்து, நாய் இடையிடையே வளைந்து ஓடுவதற்கான 12 கம்பங்கள் செய்து கொடுத்தார். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டோம். அவருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த ஆண்டில் எனக்கு மனம் நிறைந்தது, நடுவில் ஊன்றி இரு பக்கமும் ஏறி இறங்கும் சீசா பலகையில் மணி ஏறப் பழகியதுதான். காசிமேட்டில் தெருவில் இருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். பலகை மறுபக்கம் சாய்ந்து 'டம்' என்று தரையில் அடித்ததும் வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அவனை வளர்க்கும் பையன் இழுக்கவில்லை, அதட்டவில்லை. பலகைக்கு அடியில் மடித்த சாக்கை வைத்துச் சத்தத்தைக் குறைத்தான். பலகை அசைந்தால் ஒரு துண்டு அவித்த கோழி, காலை வைத்தால் இன்னொன்று. வாரத்துக்கு ஒரு மடிப்பாகச் சாக்கைக் குறைத்தான். தை மாதத்தில் சாக்கே இல்லாமல் மணி ஏறி, நடுவில் நின்று, பலகை இறங்கும்வரை காத்திருந்து, மஞ்சள் பூசிய முனையை மிதித்து இறங்கினான். அன்று கைதட்டாதவர் இல்லை.

கழுத்தை இறுக்கும் சங்கிலி மைதானத்துக்குள் வேண்டாம் என்று செயற்குழு முடிவெடுத்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

ஒரு கவலையும் உண்டு. எட்டு மாதக் குட்டியை உயரத் தாண்ட வைக்க சிலர் ஆசைப்படுகிறார்கள். எலும்பின் வளரும் முனைகள் இறுக ஒரு வருடம், பெரிய ஜாதிகளுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை குறுக்குக் கம்பு தரையிலேயே கிடக்கட்டும். சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: நேர் ஓட்டத்தில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் திருப்பம் பழக நாள் பிடிக்கும். அவசரப்படாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாத நாய்க்கு இனியும் அனுமதி இல்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அப்புறம், அந்த சீசா பலகையின் ஓரம் உளுத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்குள் மாற்ற இந்தக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்