கொழுக்கட்டைப் புல்லுக்கு இரண்டு ஊர்

மேச்சேரி,
ஐப்பசி 20

அன்புள்ள சண்முகத்துக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. செல்போனில் மூன்று வரிக்கு மேல் தட்ட என் கட்டைவிரல் ஒத்துழைப்பதில்லை. அதனால் நோட்டில் எழுதிப் பேத்தியை விட்டுப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் படிக்க உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கை நீ பார்த்து எழுதியதே இதிலிருந்துதானே!

படத்தில் மாப்பிள்ளை கடப்பாரையோடு நிற்கிறார், பக்கத்தில் மூட்டை மூட்டையாகப் புல். அமெரிக்காவில் நீ இருக்கிற டூசான் பக்கம் சனிக்கிழமையானால் ஊரே திரண்டு போய்ப் பாலைவனத்தில் களை பிடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். என்ன களையோ என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நரிவால் மாதிரி கதிர், தூர் தூராகக் கட்டை. நம்ம கொழுக்கட்டைப் புல்லப்பா அது! என் மேட்டாங்காட்டில் நான் விதைத்துக் காப்பாற்றி வைத்திருக்கிறேன், அங்கே அதை நெம்பி எடுத்துச் சாக்கில் கட்டுகிறார்கள். ஒரு நிமிஷம் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

பேத்தி வேளாண்மை படிக்கிறாள் இல்லையா, அவளிடம் கேட்டேன். ஆப்பிரிக்காவிலிருந்து அரபு நாடு வழியாக நம்ம பக்கம் வரை இந்தப் புல்லுக்குப் பூர்வீகமாம். 1930-களில் மண் அரிப்பைத் தடுக்கவும் மாட்டுத் தீவனத்துக்கும் என்று அமெரிக்காக்காரர்களே ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். இப்போது நீ இருக்கிற அரிசோனாவில் 2005-லிருந்து அது சட்டப்படி களை. எல்லை தாண்டி மெக்சிகோவில், சொனோரா பக்கம், மாட்டுப் பண்ணைக்காரர்கள் அதையே மேய்ச்சலுக்கு விதைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஒட்டகச் சேணத்தில் திணித்த புல்லோடு போய்ச் சேர்ந்ததாம். அப்புறம் தூசி அடங்க என்று அவர்களே விதைத்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியா 2015-ல் அதைக் களை என்று அறிவித்துவிட்டது.

ஏன் அப்படி என்றுதான் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்க ஊர்ப் பாலைவனத்தில் செடிக்குச் செடி வெற்று மண் கிடக்கும், அதனால் தீப்பிடித்தாலும் தாண்டிப் போகாது என்கிறாள் பேத்தி. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. காய்ந்தால் பாய் விரித்த மாதிரி. ஒரு பொறி போதும். புல் கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். உன் வாசலில் நிற்கிறதே, சாகுவாரோ கள்ளி, அது ஒரு கை விடவே ஐம்பது, அறுபது வருஷம் ஆகுமாமே, அது எங்கே துளிர்க்கப் போகிறது! 2023-ல் ஹவாய்த் தீவுகளில் லஹைனா ஊர் எரிந்து நூறு பேருக்கு மேல் செத்தார்களே, அங்கேயும் கைவிட்ட கரும்புக் காடுகளில் கினிப் புல்லும் இதுவும்தான் மண்டிக் காய்ந்து கிடந்ததாம். நம்ம ஊரில் கினிப் புல்லைக் கட்டுக் கட்டாக மாட்டுக்குப் போடுகிறோம்.

இங்கே அது ஏன் அப்படி ஆகவில்லை? எனக்குத் தெரிந்த பதில், வாய். என் முப்பத்திரண்டு மேச்சேரி ஆடும் முழங்கால் உயரத்துக்கு அதை வளர விடுவதில்லை. ஒரு துண்டில் பதினைந்து நாள் மேய்த்தால் அடைத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போகிறேன். காங்கேயத்துக் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சலுக்கென்றே விட்ட மானாவாரி நிலத்தில், கிளுவை வேலி போட்டு, வெள்வேல மரத்தடியில் இதையே தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள், நான் அங்கே பெண் எடுத்ததால் கற்றுக்கொண்டது. போன கோடையில் எல்லாம் கருகியபோதும் கட்டை சாகவில்லை. வேர் ஆளுயரம் போகும். ஒரு மழை, அஞ்சாம் நாள் பச்சை. விதை மட்டும் பொல்லாதது. அறுத்த கையோடு விதைத்தால் முளைக்காது, ஆறேழு மாசம் சாக்கில் தூங்க வேண்டும். பஞ்சு மாதிரி இருப்பதால் ஈரமண்ணில் பிசைந்துதான் தூவ வேண்டும், இல்லாவிட்டால் காற்று பக்கத்துக் காட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடும்.

பக்கத்துக் காட்டுக்காரன் என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம மேற்கே இருந்த நாலு ஏக்கரை மனை போட்டார்கள். கல் நட்டதோடு சரி, வீடும் வரவில்லை, ஆட்டையும் விடுவதில்லை. இரண்டே வருஷத்தில் என் வேலி தாண்டிப் போன புல் இடுப்பளவு நின்றது. போன மாசியில் எவனோ பீடித் துண்டை வீசியிருக்கிறான், அரை மணி நேரத்தில் மொத்தமும் கரி. அங்கே நின்ற இரண்டு ஊஞ்ச மரமும் போய்விட்டன. அடுத்த மழைக்கு முதலில் எது வந்தது என்று நினைக்கிறாய்? அதேதான், முன்னைவிட அடர்த்தியாக. உன் படத்தைப் பார்த்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

அதனால்தான் உன் மச்சினர் கேட்ட கொழுக்கட்டைப் புல் விதையைத் தர மாட்டேன் என்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஏற்காட்டுச் சரிவில் காப்பித் தோட்டத்து ஓரம் தூவிவிட்டால் மாட்டுக்கு ஆகும் என்று அவர் நினைப்பது தப்பில்லை. ஆனால் மாடு இரண்டு, சரிவு எட்டு ஏக்கர். யார் மேய்ப்பது? மாசி பங்குனியில் அந்தப் பக்கம் மலையில் தீக்கோடு தெரிவதை நாம் சின்ன வயசிலிருந்து பார்க்கிறோமே. இருக்கிற சுக்குநாறிப் புல்லுக்கும் உண்ணிச்செடிக்கும் நடுவில் இன்னொன்றை நான் ஏற்றிவிட மாட்டேன். மிளகுக் கொடி ஏற்றிய கல்யாண முருங்கை இருக்கிறதே, அதைக் கழித்துப் போடச் சொல், மாடு ஆசையாகத் தின்னும். உனக்கு ஓமலூரில் இருக்கிற இரண்டு ஏக்கருக்கு வேண்டுமானால் ஒரு சாக்கு எடுத்து வைத்திருக்கிறேன், ஆடு வாங்குவதாக இருந்தால்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தே போனோமே, ஞாபகம் இருக்கா? அரைக்கால் டவுசர் முழுக்க ஊசிப்புல். நீ ஒன்றைப் பிடுங்கி எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தாய், அது புழு மாதிரி முறுக்கிச் சுழன்றது. பேய்ப் புல் என்று நான் ஓடிவிட்டேன். அந்த ஊசி ஆட்டுத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், தோல் விலை பாதியாகும். மேச்சேரி ஆட்டுக்குத் தோல்தானே பேர்! அதனால் அது கதிர் விடும் முன்னே மேய்த்துவிடுவேன், அதற்கும் வாய்தான் வைத்தியம்.

தங்கச்சிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே நேற்று ராத்திரி செவலை ஆடு இரட்டைக் குட்டி போட்டது, ஒன்று கெடாய். நீ தை மாசம் வரும்போது பல் முளைத்து மேயத் தொடங்கியிருக்கும். விமானம் ஏறும் முன்னால் சாக்ஸைத் திருப்பிப் போட்டு நன்றாக உதறு.

உன்,
பழனி