மோட்டார் தகட்டைப் படிக்காமல் வாங்கினேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில், என் தாமான் வீட்டுப் பின்கட்டில் தையல் அறை போட்டிருக்கிறேன். மூடிப்போன தொழிற்சாலை ஒன்றின் பழைய தையல் மெஷினை 600 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இறக்கி வைக்கவே மூன்று பேர் வேண்டியிருந்தது. மோட்டார் மேல் இருந்த விவரத் தகட்டைப் படித்த அப்புறம்தான் தெரிந்தது, அது திரீ பேஸ், அதாவது தொழிற்சாலையின் மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. வீட்டு மின்சாரமோ சிங்கிள் பேஸ், ஒருமுனை; அதில் இது ஓடாது. மூன்று வாரம் அது துணி மடிக்கும் மேசையாகத்தான் உழைத்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

ஈப்போவில், மிதித்தால் மட்டும் சுற்றும் சிங்கிள் பேஸ் சர்வோ மோட்டார் வாங்கி மாற்றினோம். மிதிக்காதபோது இரைச்சலே இல்லை. வேகத்தையும் குறைத்து வைக்கலாம். ரவிக்கைக் கழுத்து வளைவுக்கு அது பெரிய வசதி.

ஊசியிலும் ஏமாந்தேன். வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டை, இதற்கு முழு உருண்டை. 14ஆம் நம்பர் என்று பருமனை மட்டும் சொல்லிக் கேட்டால் போதாது.

தீபாவளிக்கு 23 ரவிக்கை தைத்தேன். இரண்டில் கை இறுக்கமாகப் போய்விட்டது. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

தங்கள் மகளிர் பக்கத்தில் சமையல் குறிப்புக்கு நடுவே, பழைய மெஷின் வாங்குவோருக்கும் நாலு வரி போடக்கூடாதா? முதல் வரியாக அந்த மோட்டார் தகட்டைப் போடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து லயத்தில் வளர்ந்த ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்